ஜாதகம் பொருந்தலைன்னா ஜாதகத்தையா கிழிப்பே?

இங்கிட்டு வா ராசா, இப்படி உக்காரு. காலையில இருந்து அந்தப் போனைக் கையில வச்சுக்கிட்டு மாடிக்கும் திண்ணைக்குமா நடக்குறே. வந்தது ரெண்டு வரிக் கடுதாசி. அதை எம்புட்டு நேரம்தான் படிப்பே? படிக்கப் படிக்க மூணாவது வரி முளைக்கப் போகுதா? "அனுப்பியதற்கு நன்றி, எங்களுடைய இப்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை." அம்புட்டுதானே? அதுக்குள்ள மைக்குக்கு உறை போட்டு மூடியாச்சு. இனிமே இசையே வேணாம், பிரிட்ஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சபதம் வேற. போயேன், யாரு தடுத்தா? பிரிட்ஜ் கம்பெனிக்காரன் மட்டும் வாசல்ல பூர்ண கும்பத்தோட நிக்கிறானாக்கும். அங்கேயும் விண்ணப்பம் போடணும். அங்கேயும் இதே ரெண்டு வரிதான் வரும், தேதி மட்டும் மாறும்.

உங்க அத்தையைப் பொண்ணு பாக்க வந்தாய்ங்க பாரு, நீ அப்ப பொறக்கலை. வேன் வச்சு வந்தாய்ங்க. கேசரியைத் தின்னாய்ங்க, பஜ்ஜியைத் தின்னாய்ங்க, பாடச் சொல்லிக் கேட்டாய்ங்க, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னு கும்பிடு போட்டுப் போனாய்ங்க. மறுவாரம் தரகர் வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, ஜாதகம் பொருந்தலையாம்னாரு. நெசமாவே ஜாதகமா இருக்கலாம். மாப்பிள்ளைக்கு வேற இடத்துல மனசு இருந்திருக்கலாம். போட்ட நகை பத்தாதுன்னு மாமியார்காரி கணக்குப் பாத்திருக்கலாம். எதுன்னு நமக்குத் தெரியாது, கேட்டாலும் நெசத்தைச் சொல்ல மாட்டாய்ங்க. அதுக்காக உங்க அத்தை ஜாதகத்தைக் கிழிச்சுப் போட்டாளா? அதையே ஜெராக்ஸ் எடுத்து அடுத்த தரகர்கிட்ட கொடுத்தோம். இப்ப திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு மாமாவை மிரட்டிக்கிட்டு இருக்கா. உனக்கு வந்த கடுதாசியும் அந்தத் தரகர் சொன்ன பதில்தான். அதுல போய் உன் திறமையைத் தேடுறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

உன் பாட்டைக் கேக்குறவன் ரசிகன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே. அவன் கொள்முதல்காரன்டா. மியூசிக் சூப்பர்வைசர்ங்குறாய்ங்க, லைப்ரரியில பாட்டு பொறுக்குற ஆளுங்குறாய்ங்க, எல்லாம் ஒண்ணுதான். அவன் முன்னாடி ஒரு படத்துண்டு ஓடுது. மருமக பீரோவைத் திறக்குறா. செத்துப்போன மாமியார் எழுதின பழைய லெட்டர் ஒண்ணு கிடைக்குது. படிக்கிறா. பின்னாடி இருந்து புருசன்காரன் ஏதோ பேசுறான். மொத்தமே 25 செகண்டு. அடியில மெத்துன்னு ஒண்ணு ஓடணும், புருசன் பேசுறதும் காதுல விழணும், அவ லெட்டரை மடிக்கிற இடத்துல சத்தம் சுத்தமா நிக்கணும். இதை டைரக்டர் ஒரு விதமாச் சொல்லியிருப்பார், எடிட்டர் வேற விதமாச் சொல்லியிருப்பார், காசு போடுறவன் தொகையைச் சொல்லியிருப்பான், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிங்கன்னு எல்லாருமாச் சேந்து சொல்லியிருப்பாய்ங்க. அந்த நேரத்துல நீ அனுப்பின 'எரிமலை' வந்து நிக்குது. 4 நிமிசம் 50 செகண்டு. ரெண்டு நாதஸ்வரம், பம்பை, தமுக்கு, கிட்டார், இடி சத்தம். மருமக கையில இருக்குற லெட்டர் பறந்து போயிராதா?

நான் வாசிச்சது நையாண்டி மேளம். ஊரு கூடுனது தலையில கரகம் வச்சு ஆடுறவளைப் பாக்க. எனக்கு எம்புட்டு மோரா வாசிக்கத் தெரிஞ்சிருந்தாலும், அவ பின்னாடி வளைஞ்சு கண்ணால ஊசி எடுக்குற நேரத்துல நான் முழக்குனா என்னைய எவன் மெச்சுவான்? கரகம் சாஞ்சா கல்லெறி எனக்குத்தான். அந்த இடத்துல ஒரு விரலால தவிலைத் தொட்டுக்கிட்டே நிக்கணும். அடுத்தவன் ஆட்டத்துக்கு வாசிக்கிற வேலைக்குத்தான் நீயும் மனுப் போட்டிருக்கே. கச்சேரி மேடைக்கு இல்லை.

இப்படிச் சொன்னா உடனே அந்த அலெக்ஸ் நார்த் கதையை எடுத்துட்டு வருவே. எனக்குத் தெரியும், பொங்கல்ல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கே. குப்ரிக்குன்னு ஒரு டைரக்டர், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'ன்னு 1968-ல படம் எடுத்தான். நார்த்தைக் கூப்பிட்டு இசையமைக்கச் சொன்னான். நார்த் உடம்பு முடியாம ஆம்புலன்ஸ்ல ஏறி ரெக்கார்டிங்குக்குப் போனாரு. படத்தைப் போட்டுப் பாத்தா அவர் போட்டதுல ஒரு சொட்டு இல்லை. எடிட்டிங் பண்ணுறப்ப ஒப்புக்கு ஒட்டி வச்சிருந்த பழைய இசைத்தட்டுகளே படத்துல நின்னுபோச்சு. டைரக்டருக்கு அதைக் கேட்டுக் கேட்டு அதுமேலேயே ஆசை வந்துருச்சு. இம்புட்டும் நீ சொல்லுவே, சொல்லிட்டு, "பாத்தியா தாத்தா, இந்த உலகமே இப்படித்தான்"னு பெருமூச்சு விடுவே.

நீ பாதிக் கதைதான் சொல்லுவேன்னு தெரிஞ்சு, மீதியை உன் தங்கச்சிகிட்ட தேடிப் படிச்சுக் காட்டச் சொன்னேன். அந்த நார்த்து யாரோ தெருவுல போனவர் இல்லை. அதே குப்ரிக்கோட 'ஸ்பார்ட்டகஸ்' படத்துக்கு 1960-ல வேலை செஞ்சவர். பழகுன ஆளு, காசு வாங்கின ஆளு. அவருக்கே படத்தைப் பாத்துத்தான் சேதி தெரிஞ்சிருக்கு. உனக்கு முன்னப் பின்னத் தெரியாதவன் ரெண்டு வரி எழுதியிருக்கான். அந்த மனுசனுக்கு அதுவும் இல்லை. சரி, அவரு மைக்கை உறை போட்டு மூடுனாரா? அந்தப் படத்துக்காகப் போட்டதுல கொஞ்சத்தை எடுத்து 1981-ல 'டிராகன்ஸ்லேயர்' படத்துல சேத்துக்கிட்டாரு. அந்தப் படத்து இசை ஆஸ்கர் போட்டி வரைக்கும் போச்சு. 1986-ல கௌரவ ஆஸ்கரும் கொடுத்தாய்ங்க. குப்ரிக் தூக்கிப் போட்ட இசையை ஜெர்ரி கோல்டுஸ்மித் 1993-ல புதுசா வாசிக்க வச்சுத் தனியா ரெக்கார்டே போட்டாரு. வேணாம்னு சொன்ன சரக்கு வேற வாசல்ல விலை போகும்டா. நீதான் கோவத்துல ஃபைலையே அழிச்சுருவியோன்னு பயந்து, உன் தங்கச்சி நேத்தே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கா.

இப்ப வந்த கடுதாசியை விடு. அதுல ஒண்ணும் இல்லை. போன மாசம் வேற இடத்துல இருந்து ஒண்ணு வந்துச்சுல்ல, அதை எடு. அதைப் படிச்சுட்டுத்தானே, "அவனுக்கு நம்ம இசையே புரியலை"ன்னு குதிச்சே? அந்த ஆளு என்ன எழுதியிருக்கான்? முதல் 38 செகண்டு ஒண்ணுமே நடக்கலை. நாதஸ்வரம் வர்ற இடம் வசனத்தை மறைக்கும். முடிவு இல்லாம தேய்ஞ்சுக்கிட்டே போகுது. சரி, அவனுக்கு நம்ம இசை புரியலைன்னே வச்சுக்குவோம். செகண்டு கணக்கு புரிஞ்சிருக்குல்ல?

நானும் மாடிக்கு வந்து கேட்டேனே. செவுரு பூரா முட்டை அட்டையை ஒட்டி, ஃபேனை நிறுத்தி, என்னைய வேர்க்க வச்சு, காதுல அந்த மாட்டியை மாட்டிவிட்டே. 'உம்'முன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஃபேன் இன்னும் நிக்கலை போலன்னு மேல பாத்தேன். அப்புறம்தான் அதுதான் பாட்டோட ஆரம்பம்னு சொன்னே. நூறு பாட்டை வரிசையா வச்சுக் கேக்குறவன் 38 செகண்டு பொறுப்பானா? பத்துல அடுத்ததுக்குப் போயிருவான். நீ உருகி உருகி வச்ச அந்த நாட்டக்குறிஞ்சி ராகம் அவன் காதுக்குப் போகவே இல்லை.

நாதஸ்வரம் விசயத்துலயும் அவன் சொன்னது சரிதான். எனக்கு வலிக்குது, ஆனா சரி. மனுசன் பேசுறப்ப எழுத்து பிரிஞ்சு தெரியுறது 1,000-ல இருந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கமாம், நம்ம குழல் நல்ல சீவாளி போட்டு ஊதுனா அங்கதான் போய் நிக்குது. கல்யாண வீட்டுல கெட்டிமேளம் முழங்குறப்ப பக்கத்துல பேசுறவன் வாயைத்தானே பாக்குறோம்? தாலி கட்டுறப்ப அதுக்குத்தானே முழக்குறதே, அபசகுனமா ஒரு வார்த்தையும் காதுல விழக்கூடாதுன்னு. அந்தப் படத்துண்டுல புருசன்காரன் வசனம் பேசுற இடத்துல அதே வேலையைச் செஞ்சா எடிட்டர் என்ன செய்வான்? அதுக்காகக் குழலைத் தூக்கி எறியச் சொல்லலை. குழலோட ஒண்ணு, குழல் இல்லாம ஒண்ணு. அதே பாட்டுத்தான், ரெண்டு ஃபைலு. 60 செகண்டுல ஒண்ணு, 30 செகண்டுல ஒண்ணு வெட்டி வை. தாளம் தனியா, கிட்டார் தனியா, குழல் தனியாப் பிரிச்சு, ஸ்டெம்முன்னு சொல்லுவியே, அதையும் தயாரா வை. தேய்ஞ்சு போற முடிவை நறுக்குன்னு ஒரு தீர்மானத்துல முடி. தவிலுக்குத் தீர்மானம் வைக்கத் தெரியாதவன் என் பேரன்னு வெளிய சொல்லிறாதே.

பீட்டில்ஸ் கதைக்கு வாயைத் திறக்குறே, தெரியுது. 1962 புத்தாண்டு அன்னைக்கு டெக்கா ரெக்கார்டு கம்பெனியில வாசிச்சுக் காட்டுனாய்ங்க, வேணாம்னுட்டாய்ங்க, அப்புறம் உலகமே கும்பிட்டுச்சு. வேணாம்னு சொன்னவன் எல்லாம் முட்டாப்பயன்னு நிரூபிக்க ஊர்ல இருக்குற அம்புட்டு பேரும் இதைத்தான் வச்சிருக்காய்ங்க. டெக்காக்காரன் அன்னைக்கு வேணாம்னு சொன்ன மத்த பயலுக பேரு எவனுக்காவது ஞாபகம் இருக்கா?

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் கதை. ஜார்ஜ் மார்ட்டின்னு ஒரு ஆளு அவிங்களைச் சேத்துக்கிட்டாரு. சேத்துக்கிட்டு, 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டைக் கேட்டுட்டு, இழுவையா இருக்கு, வேகத்தைக் கூட்டுங்கன்னாரு. கூட்டுனாய்ங்க. 1963-ல அது எங்கேயோ போச்சு. அதே மார்ட்டின், வேற ஒருத்தர் எழுதின 'ஹவ் டூ யூ டூ இட்'டைக் கொடுத்து, இதைப் பாடி வெளியிடுங்க, ஓடும்னாரு. பயலுக மரியாதையாப் பாடி ரெக்கார்டு பண்ணிக் கொடுத்துட்டு, இது நமக்கு ஒத்துவராது, எங்க பாட்டையே போடுங்கன்னு நின்னாய்ங்க. அந்தப் பாட்டை வேற கோஷ்டி பாடுச்சு, அதுவும் முதலிடத்துக்குப் போச்சு. ஆக மார்ட்டின் சொன்னது ரெண்டும் சரி. இவிங்க ஒண்ணைக் கேட்டதும் சரி, ஒண்ணைக் கேக்காததும் சரி. வேகத்தைக் கூட்டுன்னா அது பாட்டுக்குள்ள இருக்குற கோளாறு. வேற ஆளாப் பாடுன்னா அது உன்னையே மாத்துற சமாச்சாரம். ரெண்டையும் பிரிக்கத் தெரியாமத்தான் எவன் என்ன சொன்னாலும் ஒண்ணு அழுகுறே, இல்லாட்டி அடிக்கப் போறே.

ஒருத்தன் வேகம்பான், இன்னொருத்தன் மெதுவும்பான். அதுக்கெல்லாம் ஆடுனா பாட்டு உருப்படாது. ஆனா ஒருத்தனை ஒருத்தன் தெரியாத ரெண்டு பேரு ஒரே செகண்டைக் காட்டுனா, அங்க ஏதோ கிடக்குன்னு அர்த்தம். போய் நோண்டு. அந்த 38 செகண்டை உன் தங்கச்சியும் சொன்னா, நானும் சொன்னேன். நாங்க வீட்டு ஆளுங்கன்னு கணக்குல சேக்கலை நீ. அதே சமயம் 'வேற லெவல் மச்சி'ன்னு உன் கூட்டாளிக ஆறு பேரு நெருப்புப் படம் போட்டு அனுப்புனதை மட்டும் கணக்குல சேத்துக்கிட்டே. அவிங்க முழுசாக் கேட்டாய்ங்களான்னு விசாரிச்சியா? பாட்டு அனுப்புன ரெண்டாவது நிமிசம் நெருப்பு வந்துருச்சாம். பாட்டே 4 நிமிசம் 50 செகண்டு.

காசு கட்டுனா கேட்டுட்டுக் கருத்துச் சொல்லுறோம்னு சில இடம் இருக்கு. நல்ல இடமும் இருக்கு, உண்டியலும் இருக்கு. சொல்ற கருத்துல உன் பாட்டுக்குள்ள நடக்குற ஒரு விசயமாவது பேர் சொல்லி வந்திருக்கான்னு பாரு. 'நல்ல முயற்சி, இன்னும் மெருகேற்றலாம்'னு வந்துச்சுன்னா அந்தக் காசுக்கு நீ பரோட்டா தின்னிருக்கலாம்.

அப்புறம், ராத்திரி 1 மணிக்கு ஒரு பதில் தட்டி வச்சிருக்கியே, உன் தங்கச்சி காட்டுனா. 'தங்களுடைய காதுகளைப் பரிசோதித்துக்கொள்ளவும்'னு ஆரம்பிக்குது. எழுத்து நல்லா இருக்கு, பிழை இல்லை. அனுப்பிராதே. அந்த மேசையில உக்காந்திருக்குறவன் அடுத்த வருசம் வேற கம்பெனிக்குப் போவான், உன் பேரும் அவன் கூடவே போகும். நன்றி, சொன்னதைத் திருத்திட்டு அடுத்ததை அனுப்புறேன்னு எழுது. நீ உயிரைக் கொடுத்துப் போட்ட பாட்டுக்கு அவன் ரெண்டு வரி எழுதுனானா, அதுக்கு நீயும் ரெண்டு வரிதான் எழுதணும்.

டைரக்டர் ஹிட்ச்காக்கை எதிர்த்து நின்ன இசையமைப்பாளர் ஹெர்மன்னு நீ சொல்லுவே. 'சைக்கோ'வுல அந்தக் குளியலறைக் காட்சிக்கு இசையே வேணாம்னாரு ஹிட்ச்காக். ஹெர்மன் போட்டுக் காட்டுனாரு, கேட்டுட்டு அவரே சரின்னுட்டாரு. அது 1960. அதையே நம்பி 1966-ல 'டோர்ன் கர்ட்டன்' படத்துக்கு ஹெர்மன் மறுபடி தன் இஷ்டத்துக்குப் போட்டாரு. ஹிட்ச்காக் தரப்பு கேட்டது காலத்துக்கு ஏத்த லேசான இசை, இவர் கொடுத்தது இடிமுழக்கம். ரெக்கார்டிங் நடக்குறப்பவே ஹிட்ச்காக் வந்து கேட்டாரு, அதோட வேலையும் போச்சு, அம்புட்டு வருசத்துச் சினேகமும் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து படமே பண்ணலை. ஆனா அந்த ஹெர்மன் பிரெஞ்சுக்காரர் த்ரூஃபோ படத்துக்கு அதே வருசம் இசை போட்டாரு, அதையும் சேத்துச் சொல்லணும். கேட்டதை மீறிப் போடலாம். வேணாங்குற உரிமை அவனுக்கு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடு.

காலம் வரும்னு சொல்லி உன்னைய ஏமாத்த மாட்டேன். வரும், ஆனா அதுக்குக் கணக்கு கிடையாது. நம்ம ரகுமான் 1998-ல போட்ட 'சைய்ய சைய்யா', தமிழ்ல 'தைய தையா', 2006-ல அமெரிக்காக்காரன் ஸ்பைக் லீ எடுத்த 'இன்சைட் மேன்' படத்துல ஆரம்பத்துலயே ஓடுச்சு. கேட் புஷ்ஷுன்னு ஒரு அம்மா 1985-ல பாடின பாட்டு 2022-ல ஒரு டிவி தொடர்ல வந்து இங்கிலாந்துல முதலிடத்துக்குப் போச்சு. நிக் டிரேக்னு ஒரு பையன், 1972-ல 'பிங்க் மூன்' போட்டான், சீந்த ஆளில்லை, 1974-ல 26 வயசுல செத்தே போயிட்டான். கால் நூற்றாண்டு கழிச்சு கார் விளம்பரத்துல அந்தப் பாட்டு வந்ததும் ஜனம் ஓடி ஓடி வாங்குச்சு. அந்தக் காசுல காப்பி குடிக்க அவன் இருந்தானா? அதனால நீ காத்திருக்காதே. ஒண்ணை அனுப்பு, அனுப்புனதை மறந்துட்டு அடுத்ததைப் போடு. ஒரு லைப்ரரிக்கு ஒரே நேரத்துல முப்பது பாட்டை அள்ளிக் கொட்டுனியே, அதையும் செய்யாதே. அவன் கேட்டது மூணு.

இனிமேத்தான் உனக்குப் பிடிக்காத பேச்சு. நீ அனுப்புன ஃபைலுக்குப் பேரு என்ன? 'ஃபைனல் ஃபைனல் நியூ 2 உண்மையான ஃபைனல்'. அதுல உன் பேரு இல்லை, போன் நம்பர் இல்லை, தாளத்தோட வேகம் இல்லை, என்ன மனநிலைன்னு ஒரு சொல்லு இல்லை. ஒரு வருசம் கழிச்சு ஒருத்தன் 'கிராமம், திருவிழா, வேகம்'னு தேடுனா உன் சரக்கு எப்படி மேல வரும்? பாட்டு பிடிச்சுப்போய் உன்னையத் தேடுனாலும், 'உண்மையான ஃபைனல்'ங்குற ஆளை எந்த ஊருல போய்த் தேடுவான்?

அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. ஒரு பாட்டைப் படத்துல வைக்கணும்னா ரெண்டு உரிமை வேணும். மெட்டு, வரி ஒருத்தனோடது. ரெக்கார்டு பண்ணின ஒலி ஒருத்தனோடது. ரெண்டும் உன் கையில இருந்தா, நாளைக்குச் சாயங்காலம்னு நிக்கிறவன் உன்னைய விரும்புவான், ஒரே கையெழுத்துல சோலி முடியும். இப்ப 'எரிமலை'யில எத்தனை பேரு? கிட்டார் உன் கூட்டாளி. அவன் பங்கு என்னன்னு தாளுல எழுதியிருக்கா? டீக்கடையில பேசிக்கிட்டீங்களாம். அந்த இடிச்சத்தமும் தம்பூராவும் எங்கேயோ காசு கொடுத்து வாங்கின லூப்பு. அதே லூப்பை வாங்கின ஊர்ப்பட்ட பயலுக அதை வச்சே பாட்டு போட்டிருப்பாய்ங்க. நாளைக்கு யூடியூப்புல அவன் பாட்டு, உன் பாட்டு ரெண்டும் ஒண்ணுன்னு மிசின் சொல்லும். விளம்பரம் எடுத்தவன் தலையில கை வச்சுக்கிட்டு உக்காருவான். ஒரு தடவை அப்படி உக்காந்தவன் உன் பேரைப் பாத்தாலே அடுத்ததுக்குத் தாவிருவான், ரெண்டு வரிகூட எழுத மாட்டான்.

சரின்னு ஒருத்தன் சொல்லிட்டாலும் குதிக்காதே. ஒரே பாட்டைத் தனக்கு மட்டும்னு வாங்குறவன் இருக்கான், நீ எங்கேயும் கொடுத்துக்கோன்னு விடுறவன் இருக்கான். முதல் வகைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அதே பாட்டுக்கு வேற பேரு வச்சு இன்னொரு இடத்துல கொடுத்தா வம்பு வீடு தேடி வரும். எத்தனை வருசம், எந்தெந்த நாடுன்னு படி. உன் தங்கச்சி சட்டக்கல்லூரிக்குச் சும்மா போகலை. 1957-ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல திருத்திட்டாய்ங்களாம். சினிமாப் பாட்டா இருந்தா, தியேட்டர்ல படத்தோட ஓடுறது போக மத்த இடத்து ராயல்டியில உரிமையை வாங்கினவனோட இசை போட்டவனுக்கும் வரி எழுதினவனுக்கும் சமபங்கு. அதை வாரிசும் வசூல் சங்கமும் தவிர எவனும் எழுதி வாங்க முடியாது. தனிப்பாட்டுக்கும் அதே பாதுகாப்பு இருக்குங்குறா. அந்தக் காசை வசூல் பண்ணிக் கொடுக்க 1969-ல இருந்து ஐபிஆர்எஸ்ஸுன்னு ஒரு சங்கம் இருக்கு. அதுல நீ சேந்துட்டியான்னு கேட்டா, ஃபாரம் பெருசா இருக்குங்குறே. வேணாம்னு சொன்னவன் கடுதாசியை இம்புட்டு நேரம் படிக்கத் தெரியுது, காசு கொடுக்குறவன் ஃபாரத்தை நிரப்ப நேரமில்லை.

இப்ப அந்தப் போன மாசத்துக் கடுதாசியைத் திருப்பி எடு. 38 செகண்டு, நாதஸ்வரம், முடிவு, மூணையும் படிச்சுட்டுப் போனைத் தூக்கி மெத்தையில எறிஞ்சேல்ல? அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு. படிக்கலையே நீ? உன் தங்கச்சி படிச்சுட்டா. "1 நிமிடம் 12-ஆவது விநாடியில் வரும் பெண்குரல் ஒலி அருமை. அதை மட்டும் மையமாக வைத்து வேறு ஏதேனும் இருக்கிறதா?" ஒரு மாசமா ஒருத்தன் சரக்கு கேட்டுக்கிட்டு நிக்கிறான், நீ அவனுக்கு நம்ம இசை புரியலைன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறே.

அந்த 1 நிமிசம் 12 செகண்டுல வர்றது யாரு குலவை? உங்க அப்பத்தா. முளைப்பாரி அன்னைக்கு நீ போனை நீட்டிப் பிடிச்சே, அவ பாட்டுக்குப் போட்டா. அவகிட்ட கையெழுத்து வாங்கினியா? வாங்கலை. நேத்து ராத்திரி உன் தங்கச்சி விவரத்தை எல்லாம் அவகிட்ட விளக்கமாச் சொல்லிட்டா, உரிமை, பங்கு, ராயல்டி, ஒண்ணு விடாம. இப்ப அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா. பாதிப் பங்கு கேக்குறா. நான் கால்னு பேசிப் பாத்தேன், மசியலை. அதோட ஒரு நிபந்தனையாம்: அவ குலவை போடுற இடத்துல நாதஸ்வரம் வாயைத் திறக்கக் கூடாதாம். போ, போய்ப் பேசி முடி. பேனா கொண்டு போ. கைநாட்டு வைக்கிறவன்னு நினைச்சு மைப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன்னா முக்கால் கேப்பா.